கட்டி முடித்த பின் கற்பது



கிறிஸ்தவ ஊழியத்தில் கற்கும் மனம் வேண்டும் என்பதை மறுக்கிறவர் இந்த மண்டபத்தில் ஒருவரும் இருக்கமாட்டார். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவது வந்தவர்களுக்குக் கொடுக்கும் தண்டனை. ஆகவே தலைப்பைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்கிறேன். இறையியல் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த தம்பியிடம் கற்றுக்கொள்ளத் தயாரா என்று கேட்டால் தயார் என்றுதான் சொல்வார். அவருக்கு வேறு வழி இல்லை. நான் பேச வந்தது அவரைப் பற்றி அல்ல. இருபது முப்பது ஆண்டு ஊழியம் செய்து, கட்டடம் எழுப்பி, கல்வெட்டில் பெயர் பொறித்து, மற்றவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டவர்களைப் பற்றி. அந்த இடத்தில் கற்க நேர்கிற பாடம் பெரும்பாலும் நாம் கட்டியதையே அசைத்துப் பார்க்கும். அதைக் கற்கத் துணிந்தவர்கள் குறைவு. அவர்களில் சிலர் இந்தப் பழைய சித்தூர் மாவட்டத்திலும் பக்கத்து வேலூரிலும் இருந்தார்கள் என்பது நமக்குக் கிடைத்த பேறு.

மொழி கற்ற கதையிலிருந்து தொடங்குவது இத்தகைய சொற்பொழிவுகளின் வழக்கம். நானும் அதைத் தொடுகிறேன், ஆனால் அங்கேயே தங்கப்போவதில்லை. வட ஆற்காட்டுத் தாலுக்காக்கள் சிலவற்றோடு கடப்பையிலிருந்து மதனப்பள்ளி முதலியவற்றைச் சேர்த்து 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், பல வீடுகளில் ஒரே அடுப்படியில் புழங்கும் நாடு இது. ஒற்றை மொழியோடு இங்கே வந்த ஊழியர் அந்த ஒன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடிந்ததில்லை. ஹெர்மன்ஸ்பர்க் மிஷனின் ஆகஸ்ட் மிலியுஸ் அதற்கு முன் லைப்சிக் மிஷனில் தமிழரிடையே பணிசெய்தவர். 1860களில் நாயுடுபேட்டைப் பக்கம் வந்தபோது நாற்பது வயதைத் தாண்டியிருந்தார். தெலுங்கை அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட இன்றைய தென் ஆந்திர லுத்தரன் சபைக்கு அந்த வேர்தான். மதனப்பள்ளியில் 1860களிலிருந்து பணிசெய்த ஜேக்கப் சேம்பர்லைன் மருத்துவர், போதகர். தெலுங்கு வேதாகமத்தைத் திருத்தும் குழுவில் நெடுங்காலம் உழைத்தவர். நம்மவரைச் சொன்னால், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, ஒய்.எம்.சி.ஏ. வேலையில் நாடறிந்த பெயரைப் பெற்ற பிறகு, முப்பத்தைந்து வயதில் தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்குக் கிராமங்களில் அமர்ந்தார். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தமிழராகிய நாம் அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்கிறோம். அவருடைய தெலுங்கைப் பற்றி அவ்வளவாகச் சொல்வதில்லை.

இவர்கள் யாரிடம் கற்றார்கள்? முன்ஷிகளிடம், உபதேசியார்களிடம், வீடு வீடாகப் போன வேதாகமப் பெண்களிடம். அவர்களுடைய பெயர்கள் பல நேரம் சம்பளக் கணக்கோடு நின்றுவிட்டன. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானிய மிஷனரிகள் இந்தப் பகுதியை விட்டுப் போக நேர்ந்தபோது சபைகள் கலைந்துவிடவில்லை. பிறகு அமெரிக்காவின் ஒஹாயோ சினாடு பொறுப்பேற்றபோது அதற்கு ஒப்படைக்கச் சபைகள் இருந்தன. யார் யாருக்குக் கற்பித்திருந்தார்கள் என்பது அந்த இடைவெளியில் வெளிச்சத்துக்கு வந்தது என்று நினைக்கிறேன்.

மொழியோடு கற்றல் முடிந்துவிடுவதில்லை என்பதற்குத் தரங்கம்பாடியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 1706இல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் பிறகு தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்தார். தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி ஒரு பெருநூலை 1713இல் எழுதி முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் அவருடைய ஆதரவாளர்கள் அதை அச்சிட மறுத்தார்கள். மிஷனரியை அனுப்பியது அந்தச் சமயத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர்கள் வாதம். நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. களத்தில் இருந்தவர் கற்றுக்கொண்டார். நாற்காலியில் இருந்தவர்களுக்கு அந்தப் பாடம் வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டு அந்தச் சுவடிக்கட்டு காத்துக் கிடந்தது. நம் கமிட்டிகளின் கோப்புகளில் இப்படிக் காத்துக் கிடப்பவை எத்தனை என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

நாற்காலியும் சில நேரம் கற்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். சித்தூர் நிலையத்தை 1850களில் தொடங்கிய ஆற்காடு மிஷன் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்களின் முயற்சி. மக்கள் மொழியில் நற்செய்தி அறிவிப்பதே வேலை, பிற சமயப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவது வேலை அல்ல என்பது அவர்கள் தொடக்கத்தில் உறுதியாகப் பிடித்துக்கொண்ட கொள்கை. அதே மிஷன் பின்னர் இந்துச் சிறுமியருக்குப் பள்ளி திறந்தது, உயர்நிலைப் பள்ளிகளை நடத்தியது. 1898இல் வேலூரில் ஊரிஸ் கல்லூரி வந்தது. ஊர் என்ன கேட்டதோ அதைக் காதில் போட்டுக்கொண்டு, தாங்கள் எழுதிய விதியைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள்.

இப்போது என் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், பல மிஷன் சபைகள் கைகோத்து 1912இல் ஒரு சானடோரியத்தைத் தொடங்கின. 1915இல் அது இப்போதைய இடத்துக்கு வந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமொட்-மொல்லர் அதை வளர்த்தெடுத்தார். கடல் மட்டத்துக்கு இரண்டாயிரம் அடிக்கு மேலே, உலர்ந்த காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. நோயுற்ற நுரையீரலைச் சுற்றிக் காற்றைச் செலுத்தி அதைச் சுருக்கி ஓய்வு கொடுக்கும் முறையும், விலா எலும்புகளை எடுத்துவிடும் கடுமையான அறுவை சிகிச்சையும் அன்றைய ஆயுதங்கள். தென்னிந்தியாவெங்குமிருந்து நோயாளிகள் ரயிலேறி வந்தார்கள். அங்கே கண்காணிப்பாளராயிருந்த டாக்டர் பி. வி. பெஞ்சமின் பின்னர் இந்திய அரசுக்கே காசநோய் ஆலோசகரானார். 1948இல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசியை முதலில் போடத் தொடங்கியதும் மதனப்பள்ளியில்தான். ஒரு மிஷன் நிறுவனம் எட்டக்கூடிய உச்சம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த உச்சத்தில் இருந்தபோது அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். கிறிஸ்டியனின் மகன் டாக்டர் யோஹான்னஸ் ஃப்ரிமொட்-மொல்லரின் தலைமையில் 1950 முதல் 1955 வரை மதனப்பள்ளி நகரத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் ஊர் ஊராகப் போய் மக்களைப் பரிசோதித்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள், அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகத் தங்கள் வாசலுக்கு வந்தவர்களைக் கொண்டு நோயை அறிந்தவர்கள், வராதவர்களைத் தேடிப் போய் அறிய முற்பட்டார்கள். சானடோரியத்துக்கு வர ரயில் கட்டணம் வேண்டும், வீட்டில் மாதக்கணக்கில் சம்பாத்தியம் இல்லாமல் சமாளிக்க ஆள் வேண்டும். நிலக்கடலைக் காட்டில் கூலிக்குப் போகிற பெண் எப்படி வருவாள்? படுக்கைகளில் இருப்பவர்கள் நோயின் ஒரு விளிம்புதான், பெரும்பகுதி ஊரிலேயே இருமிக்கொண்டிருக்கிறது என்ற உண்மை எழுத்தில் ஏறியது. உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1960இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

இதற்கிடையே ஸ்ட்ரெப்டோமைசின், பி.ஏ.எஸ்., 1952இல் ஐசோனியாசிட் என்று மருந்துகள் வந்துவிட்டன. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஒரு சோதனை தொடங்கியது. நகரத்தின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பிரிவுக்கு அதே மருந்தை வீட்டிலேயே கொடுத்தார்கள். 1959இல் வந்த முடிவு உலகத்தின் காசநோய் மருத்துவத்தையே திருப்பிப்போட்டது. நெருக்கமான வீடு, போதாத சாப்பாடு, ஓய்வில்லாத வாழ்க்கை எல்லாம் இருந்தும் வீட்டில் மருந்து சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகம் தொற்றவும் இல்லை. மலைக்காற்றும் படுக்கையும் முட்டையும் பாலும் என்று எதன்மேல் சானடோரியங்கள் நின்றனவோ, அது இல்லாமலும் முடியும் என்றாயிற்று.

ஒரு சானடோரியத்தின் தலைவராக உங்களை வைத்து யோசித்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான படுக்கைகள், நன்கொடையாளர்கள், பயிற்சி பெற்ற செவிலியர், கட்டடம் கட்டடமாக நினைவுக் கல்வெட்டுகள். சென்னை முடிவு நகரத்துக்குத்தான் பொருந்தும், கிராமத்துக்கு ஆகாது என்று ஓர் அறிக்கை விடுவது மிக எளிது. கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கும். ஆரோக்கியவரம் அதைச் செய்யவில்லை. கிராமத்து வீடுகளில் மருந்து கொடுத்தால் என்ன ஆகிறது என்று தானே சோதித்துப் பார்த்து, முடிவுகளை வெளியிட்டது. அதன் தலைமை மருத்துவர் பெயரிலேயே அந்தக் கட்டுரைகள் வந்தன. படுக்கைகளுக்குத் தேவை குறையும் என்று காட்டக்கூடிய ஆராய்ச்சியைப் படுக்கைகளின் உரிமையாளரே நடத்தினார். இன்று அந்த வளாகம் பொது மருத்துவமனையாகவும் செவிலியர் பயிற்சி நிலையமாகவும் இயங்குகிறது. சானடோரியம் போய்விட்டதே என்று பழையவர்கள் சிலர் வருத்தப்படலாம். நான் இதை இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவ ஊழியத்தின் மிகப் பெரிய சாதனை என்பேன். பிரசங்கங்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் கேட்டதில்லை.

தொழுநோய் மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற கரிகிரி பக்கத்தில் இருப்பதால் பால் பிராண்டையும் சொல்லாமல் விட முடியாது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூருக்கு அறுவை மருத்துவராக வந்தவர். தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று மருத்துவ உலகமே நம்பியிருந்தது. நோயாளிகளின் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்த அவர், வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்று கண்டுகொண்டார். தன்னால் திருக முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. இது புகழ்பெற்ற கதை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு வந்தது. தசைநாண்களை மாற்றிவைத்து, மடங்கிப்போன கைகளை அவர் நிமிர்த்தினார். பெரிய வெற்றி. அப்படி நிமிர்ந்த கைகளோடு ஊருக்குப் போனவர்கள் சிலர் திரும்பி வந்து குறைசொன்னார்கள்: முன்பாவது பிச்சை கிடைத்தது, இப்போது கையைப் பார்த்து யாரும் போடுவதில்லை, நோயைச் சொல்லி யாரும் வேலையும் தருவதில்லை.

இதை நன்றிகெட்ட பேச்சு என்று தள்ளிவிட எத்தனையோ பேரால் முடியும். அறுவை மேசையில் தன் வேலை முடிந்துவிடுகிறது என்று நினைத்திருந்த மருத்துவருக்கு அது அடுத்த பாடமாயிற்று. அவர்கள் தங்கித் தொழில் பழக வேலூரில் ஒரு சிறு குடியிருப்பு எழுந்தது. அவர் மருத்துவம் படிக்கப் போகுமுன் கட்டடத் தொழில் கற்றவர் என்பதால், தச்சுப் பட்டறையில் உளியும் இரம்பமும் அந்தக் கைகளுக்கு என்ன செய்கின்றன என்று கூட நின்று பார்க்கத் தெரிந்திருந்தது.

வேலூரில் படித்த ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே தம்பதியர் 1970இல் மராட்டியத்தின் ஜாம்கேட்டில் வேலை தொடங்கியபோது, படித்த செவிலியரைக் கிராமங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. பிறகு எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளராக்கினார்கள். டாக்டர்களுக்கு அந்தப் பெண்கள் கற்பித்ததே அதிகம் என்று அந்தத் தம்பதியர் ஒளிக்காமல் சொல்லிவந்தார்கள்.

வேதாகமத்தில் இதற்கு ஒரு ஜோடி உண்டு. அப்போஸ்தலருடைய நடபடிகளில் வரும் அப்பொல்லோ அலெக்சந்திரியாவைச் சேர்ந்தவர், நாவன்மை மிக்கவர், வேதத்தில் வல்லவர், ஜெப ஆலயத்தில் தைரியமாகப் பேசிக்கொண்டிருந்தவர். கூடாரம் தைக்கும் தொழிலாளிகளான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, அவர் அறியாததை விளக்குகிறார்கள். மேடையில் எழுந்து நின்று மறுக்கவில்லை என்பது அவர்களுடைய பண்பு. தையல்காரர் வீட்டுத் திண்ணையில் அந்தப் பெரும்பேச்சாளர் உட்கார்ந்து கேட்டார் என்பது இவருடைய பண்பு. நம்மில் பலருக்குப் பிரிஸ்கில்லாள்கள் அகப்படாமல் இல்லை. சபைக் கூட்டத்தில் அவர்களுக்குப் பேச நேரம் ஒதுக்குவதில்லை.

இன்னொருவர் எத்திரோ. மோசேயின் மாமனார், மீதியானின் ஆசாரியர், இஸ்ரவேலர் அல்ல. காலைமுதல் மாலைவரை வழக்குத் தீர்த்துக் களைத்துப்போன மருமகனைப் பார்த்து, நீ செய்வது சரியில்லை, பொறுப்பைப் பகிர்ந்து கொடு என்றார். கடவுளோடு பேசிய மோசே அதைக் கேட்டு அப்படியே செய்தார். இதைப் படித்துவிட்டுத் திருப்பதிச் சபைகளுக்கு நான் ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். திருமலைக் கோயிலில் ஒவ்வொரு நாளும் நடக்கும் அன்னதானத்தை ஊழியப் பொறுப்பில் இருக்கும் நம்மவர் எத்தனை பேர் ஊழியக் கண்ணோடு கவனித்திருக்கிறோம்? மதனப்பள்ளிப் பக்கத்துத் தரிகொண்டாவில் 18ஆம் நூற்றாண்டில் பிறந்த வெங்கமாம்பா என்ற கவிஞரின் பெயரில் அங்கே கூடம் இருக்கிறது. வரிசையில் வருகிறவரிடம் யார் என்ன என்று கேட்பதில்லை, சாட்சி எழுதி வாங்குவதில்லை, இலைபோட்ட கையைப் படமெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புவதில்லை. நம் நிவாரண விநியோகங்களில் பானர் கட்டும் நேரம் சோறு பரிமாறும் நேரத்தைவிடக் கூடிப்போகிறது. விசுவாசம் வேறாக இருப்பவரிடமிருந்து ஒழுங்கையும் அடக்கத்தையும் கற்றுக்கொண்டதால் மோசேக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கற்க வேண்டிய இடங்கள் நம்மைச் சுற்றி நிறைய இருக்கின்றன. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட 20 தமிழர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். சவ்வாது மலைப் பக்கத்துக் குடும்பங்களின் ஆட்கள் பலர். அந்த வீடுகளுக்குப் போர்வையும் அரிசியும் எடுத்துப்போக நமக்குத் தெரியும். எந்தக் கடன், எந்தத் தரகர், எந்த மாதத்துப் பசி அவர்களை மலையேற்றியது என்று அந்த வீட்டுப் பெண்களிடம் உட்கார்ந்து கேட்க நமக்குத் தெரியுமா? சூளூர்பேட்டை, காளஹஸ்தி பக்கத்து யானாதிப் பழங்குடி மக்களிடையே ஊழியம் செய்யப் போகிறவர்கள் துண்டுப்பிரசுரம் எடுத்துப் போகிறார்கள். ஏரி, பாம்பு, மூலிகை, மழை பற்றி அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொண்டு வந்தவர் யார்? சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைகளில் சீசன் வேலைக்கு நிற்கும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்பதற்கு நம்மிடம் ஆவிக்குரிய விளக்கம் ஒன்று தயாராக இருக்கிறது. ஷிப்ட் எப்போது முடிகிறது என்று கேட்டால் வேறு விளக்கம் கிடைக்கலாம்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்து அமர்கிறேன். ஆண்டுதோறும் வட்டிப் பணத்தில் ஒரு சொற்பொழிவு நடக்கிறது, சால்வை போர்த்துகிறீர்கள், நன்றி. அதில் ஒரு பகுதியை எடுத்து, பத்தாண்டுக்கு மேல் ஊழியத்தில் இருக்கும் ஒரு குருவானவரையோ மருத்துவரையோ தலைமை ஆசிரியரையோ மூன்று மாதம் ஒரு யானாதிக் குடியிருப்பிலோ ஆலைத் தொழிலாளர் தெருவிலோ தங்கவையுங்கள். அந்த மூன்று மாதமும் பிரசங்கம் கூடாது, ஊசி போடக் கூடாது, வகுப்பு எடுக்கக் கூடாது. திரும்பி வந்தபின் தன் நிறுவனத்தில் எதை நிறுத்த வேண்டும் என்று அவர் ஒரு பக்கம் எழுதித் தரட்டும். எதைத் தொடங்க வேண்டும் என்று கேட்காதீர்கள், அந்தப் பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது. அடுத்த ஆண்டு இந்த மேடையில் என்னைப் போன்ற ஒருவருக்குப் பதிலாக, அவர் தங்கியிருந்த தெருவிலிருந்து ஓர் அம்மா அரை மணி நேரம் பேசினால் இன்னும் நன்று. அவர் தெலுங்கில்தான் பேசுவார்.

இனி நீங்கள் கேட்கலாம். கேள்விகள் எந்த மொழியில் வந்தாலும் சரி. என் தெலுங்கைத் திருத்த இங்கே ஆட்களுக்குப் பஞ்சமில்லை.